தரங்கம்பாடி ஒன்-டே ட்ரிப்: டேனிஷ்காரர்கள் ஏன் இங்கே வந்தார்கள்? கோட்டையில் என்ன இருக்கிறது? 'ஓசோன் கடற்கரை' உண்மையா? முழு விவரம்

மழைக்காலம் முடிந்து, வானம் வெளுத்து, வெயில் இன்னும் சுடத் தொடங்காத தை, மாசி மாதங்களில் டெல்டா பக்கம் போகிறவர்களின் பட்டியலில் தரங்கம்பாடி கட்டாயம் இருக்கும். பெரும்பாலும் அது பட்டியலின் கடைசியில்தான் இருக்கும். திருக்கடையூரில் சாமி கும்பிட்டாச்சு, காரைக்கால் போகும் வழியில் ஒரு கோட்டை இருக்காமே, இறங்கிப் பார்த்துட்டுப் போயிடலாம் என்று வருகிறவர்களே அதிகம். அவர்கள் வேனை நிறுத்தி, கோட்டைக்கு முன்னால் நின்று நாலு போட்டோ எடுத்துக்கொண்டு, சுண்டல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இருபதாவது நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள்.

இந்த ஊருக்கு இருபது நிமிடம் போதாது, ஒரு முழுப் பகல் வேண்டும். தஞ்சாவூர் நாயக்க மன்னர் ஐரோப்பிய அரசர் ஒருவருக்குத் தங்க ஓலை எழுதியது இந்த ஊருக்காக. தமிழில் புதிய ஏற்பாடு முதன்முதலாக அச்சேறியதும் இங்கேதான். பாண்டியர் காலத்துக் கோயில் ஒன்றைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கும் கதையையும் இந்த ஊரில் நேரிலேயே பார்க்கலாம்.

எங்கே இருக்கிறது, எப்படிப் போவது?

மயிலாடுதுறை மாவட்டத்தில், வங்கக் கடலை ஒட்டி இருக்கிறது தரங்கம்பாடி. 2020 வரை இது நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. அதனால் பழைய கட்டுரைகளில் நாகை மாவட்டம் என்றே இருக்கும், குழம்ப வேண்டாம். சென்னையிலிருந்து சுமார் 280 கிலோமீட்டர். மயிலாடுதுறையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், காரைக்காலில் இருந்து அதில் பாதி.

ரயிலில் வருகிறவர்கள் மயிலாடுதுறையில் இறங்கி பஸ் பிடிப்பது சுலபம். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாக வரும் பாதை அது. ஒருகாலத்தில் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கே மீட்டர் கேஜ் ரயில் ஓடியது. 1926-ல் தொடங்கிய அந்தப் பாதை 1980-களில் மூடப்பட்டது. மறுபடி ரயில் வேண்டும் என்ற கோரிக்கை ஒவ்வொரு தேர்தலிலும் எழும், அப்புறம் அடங்கிவிடும்.

சிதம்பரம் - காரைக்கால் சாலையில் வரும் பஸ்களிலும் இறங்கிக்கொள்ளலாம். பஸ் நிற்கும் இடத்திலிருந்து கடற்கரை நடக்கும் தூரம்தான். சாப்பாட்டுக் கடைகள், ஏடிஎம் போன்றவற்றுக்குப் பக்கத்திலேயே உள்ள பொறையாறை நம்பலாம். கோட்டை இருக்கும் பழைய ஊருக்குள் கடைகள் குறைவு.

எந்த நேரம் நல்லது?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் சின்னம் உருவானால் முதலில் அடிவாங்கும் கரைகளில் இதுவும் ஒன்று. ஏப்ரல், மே மாதங்களில் பகல் 11 மணிக்கு மேல் கோட்டை மைதானத்தில் நிற்கவே முடியாது, நிழலுக்கு ஒதுங்க மரமும் கிடையாது. ஜனவரி, பிப்ரவரிதான் சரியான காலம்.

கிழக்குப் பார்த்த கரை என்பதால் சூரியன் கடலில் எழும், ஊருக்குப் பின்னால் மறையும். 'சன்செட் பாயின்ட்' தேடி வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். காலை 6 மணிக்குக் கடற்கரையில் இருக்க முடிந்தால் அந்த ஒரு மணி நேரமே பயணச் செலவுக்குப் போதும். காலையில் கடலும் கோயிலும், வெயில் ஏறிய பிறகு கோட்டையின் உள்ளறைகளும் தேவாலயமும், மாலையில் தெருக்கள் என்று வைத்துக்கொண்டால் உடம்பு தாங்கும். அருங்காட்சியகத்தின் வார விடுமுறை நாளை முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. இதைச் செய்யாமல் வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறைய.

'அலைகள் பாடும் ஊர்' என்பது சரியா?

தரங்கம் என்றால் அலை. பாடி என்பதைப் பாடுவது என்று எடுத்துக்கொண்டு 'பாடும் அலைகளின் ஊர்' என்று சுற்றுலாப் பலகைகளும் ரீல்ஸ்களும் சொல்கின்றன. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊர்ப் பெயர்களில் வரும் 'பாடி' என்பதற்குக் குடியிருப்பு என்று பொருள். வாணியம்பாடியில் யாரும் பாடுவதில்லை, காட்பாடியிலும் இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. இங்கே உள்ள மாசிலாமணிநாதர் கோயில் பாண்டிய மன்னன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 1306 வாக்கில் எழுந்தது. கல்வெட்டில் ஊரின் பெயர் 'சடங்கன்பாடி' என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் வருகிறது. அலை எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம். ஐரோப்பியர் வாயில் அதே பெயர் 'டிராங்கபார்' ஆனது. டென்மார்க்கில் இன்றும் இந்த ஊரை அப்படித்தான் சொல்கிறார்கள்.

டென்மார்க்குக்கு இங்கே என்ன வேலை?

உண்மையில் அவர்கள் கிளம்பியது தரங்கம்பாடிக்கு அல்ல, இலங்கைக்கு.

1616-ல் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன், டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அனுமதி கொடுத்தார். டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மிளகிலும் துணியிலும் கொழிப்பதைப் பார்த்து வந்த ஆசை. அந்த நேரத்தில் கண்டி மன்னரின் தூதர் என்று சொல்லிக்கொண்டு டச்சுக்காரர் ஒருவர் கோபன்ஹேகனுக்கு வந்தார். போர்ச்சுகீசியர்களை விரட்ட உதவி செய்தால் வணிக உரிமை தருவதாகச் சொன்னார். அதை நம்பி 1618-ல், இருபதுகளில் இருந்த ஓவே கெடே என்ற பிரபு தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன.

பயணம் ஒன்றரை ஆண்டு ஆனது. வழியிலேயே நோயில் ஏராளமானோர் செத்துப்போனார்கள். தூதராக வந்தவரும் இறந்துவிட்டார். 1620-ல் இலங்கை போய்ச் சேர்ந்தால், கண்டி மன்னர் அதற்குள் போர்ச்சுகீசியர்களுடன் சமாதானமாகியிருந்தார். சொன்னபடி எந்த ஒப்பந்தமும் நடக்கவில்லை.

இதற்கு நடுவே, முன்னதாக அனுப்பப்பட்ட ஒரு டேனிஷ் கப்பலைக் காரைக்கால் அருகே போர்ச்சுகீசியர்கள் அடித்து நொறுக்கியிருந்தார்கள். அதில் தப்பிப் பிழைத்த சிலர், ரோலண்ட் கிராப்பே என்பவருடன் தஞ்சாவூர் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அப்போது ஆட்சியில் இருந்தவர் ரகுநாத நாயக்கர். போர்ச்சுகீசியர்களை மட்டும் நம்பியிருக்காமல் இன்னொரு ஐரோப்பியக் கூட்டமும் தன் கரையில் வணிகம் செய்தால் நல்லது என்பது அவர் கணக்கு. கடலில் கப்பலை இழந்து வந்தவர்கள் அரண்மனையில் வாய்ப்பைப் பிடித்தார்கள்.

1620 நவம்பர் 20-ம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. கோட்டை கட்டிக்கொள்ளவும் வரி வசூலிக்கவும் தரங்கம்பாடி டேனிஷ்காரர்களுக்குத் தரப்பட்டது. ஆண்டு வாடகை 3,111 ரூபாய் என்று சொல்லப்படுகிறது. நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய ஓலை, கோபன்ஹேகனில் உள்ள டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. தமிழகத்தில் இப்படி ஓர் ஓலை இருக்கிறது என்று தெரிந்தவர்களைவிட டென்மார்க்கில் தெரிந்தவர்கள் அதிகம் என்பதுதான் வேடிக்கை.

அதே டேனிஷ்காரர்கள் மிளகும் துணியும் மட்டும் ஏற்றவில்லை. தொடக்க ஆண்டுகளிலேயே இங்கிருந்து மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். கோட்டையைச் சுற்றிப் பார்க்கும்போது இதையும் சேர்த்து நினைத்துக்கொள்வது நியாயம்.

26 வருடம் கப்பலே வராத கோட்டை

தரங்கம்பாடி வரலாற்றில் அதிகம் பேசப்படாத, ஆனால் சினிமாவாக எடுக்கக்கூடிய பகுதி இது.

ஐரோப்பாவில் போர்களில் சிக்கி டென்மார்க்கின் கஜானா காலியானது. 1643-க்குப் பிறகு தரங்கம்பாடிக்குக் கப்பல் வருவதே நின்றுபோனது. 1650-ல் கம்பெனியே கலைக்கப்பட்டது. கோட்டையில் இருந்த டேனிஷ்காரர்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள், சிலர் ஓடிப்போனார்கள். 1655 வாக்கில் பொறுப்பு எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற சாதாரணப் படைவீரர் கைக்கு வந்தது. அவர் படிப்போ பிரபுப் பட்டமோ இல்லாதவர்.

ஊரிலிருந்து சம்பளம் இல்லை, ஆயுதம் இல்லை, கடிதத்துக்குப் பதில்கூட இல்லை. அவரோ உள்ளூர் ஆட்களை வேலைக்கு வைத்துக்கொண்டு, கடலில் போகிற கப்பல்களைப் பிடித்து அந்த வருமானத்தில் கோட்டையை நடத்தினார். தெளிவாகச் சொன்னால் அது கடற்கொள்ளைதான். தஞ்சாவூர்ப் படைகள் முற்றுகையிட்டபோதும் விட்டுக்கொடுக்கவில்லை. ஊரைச் சுற்றி மதில் எழுப்பியதும் இவர் காலத்தில்தான். கடைசியில் 1669-ல் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல் வந்தபோது, இங்கே இன்னும் தங்கள் கொடி பறப்பதைப் பார்த்தார்கள். அந்தப் படைவீரரையே கவர்னராக உறுதிசெய்துவிட்டார்கள்.

கோட்டைக்குள் என்ன பார்க்கலாம்?

கோட்டையின் பெயர் டான்ஸ்போர்க். டென்மார்க்குக்கு வெளியேயும் உள்ளேயும் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைகளில், ஹெல்சிங்கோரில் உள்ள குரோன்போர்க் கோட்டைக்கு அடுத்த பெரிய கோட்டை இது என்று சொல்வதுண்டு. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகம் நடக்கும் கோட்டை அதுதான்.

செஞ்சி, வேலூர் கோட்டைகளை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் இது சின்னதாகத்தான் தெரியும். அதற்காக முகம் சுளிக்க வேண்டியதில்லை. கீழ்த்தளத்தில் வளைவுக் கூரை போட்ட அறைகள் வரிசையாக இருக்கின்றன. சரக்குக் கிடங்கு, சமையலறை, மது வைக்கும் அறை, சிறை எல்லாம் இங்கேதான். வெளியே வெயில் கொளுத்தினாலும் இந்த அறைகளுக்குள் நுழைந்ததும் குளுகுளுவென்று இருக்கும். கனமான சுவரும் உயரமான வளைவுமே காரணம். மேல்தளத்தில் கவர்னரும் பாதிரியாரும் தங்கினார்கள், தொழுகை நடந்த அறையும் உண்டு. நடுக்கூரை ஒட்டகத் திமில் போல எழும்பி நிற்கும், அதை மேலே ஏறிப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள அருங்காட்சியகம் மேல்தளத்தில் இருக்கிறது. அங்கே டேனிஷ்காரர்கள் இங்கேயே அடித்த காசுகளைத் தவறவிடக் கூடாது. நகம் அளவே இருக்கும் ஈயக் காசும் செப்புக் காசும் அன்றைய கடைத்தெருவில் புழங்கியவை. பீரங்கிகளுக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்கும் கூட்டம் இந்தக் கண்ணாடிப் பெட்டிகளைத் தாண்டிப் போய்விடுகிறது.

சிறையறைக்கும் ஒரு கதை உண்டு. 1708-ன் கடைசியில் இங்கே நான்கு மாதம் அடைபட்டுக் கிடந்தவர் ஒரு கைதியோ கொள்ளைக்காரரோ இல்லை, டென்மார்க் அரசரே அனுப்பிய பாதிரியார்.

சீகன்பால்க் செய்தது என்ன?

1706 ஜூலை 9-ம் தேதி கரையிறங்கினார்கள் பர்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்ரிக் புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள். அனுப்பியது டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக். ஆனால் கோட்டைக் கமாண்டருக்கு இவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. மதம் பரப்பி ஊரைக் கலக்கினால் வியாபாரம் கெட்டுப்போகும் என்பது அவர் கவலை. ஏழை விதவை ஒருவரின் கடன் வழக்கில் அந்தப் பெண்ணுக்காக சீகன்பால்க் பேசப்போக, அதையே சாக்காக வைத்துக் கோட்டைச் சிறையில் போட்டார்.

வந்த புதிதில் தமிழ் படிக்க சீகன்பால்க் செய்த வேலை ஊரே பார்த்தது. திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரை வரவழைத்து, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். இரண்டே ஆண்டில் தமிழ் ஓலைச்சுவடிகளைத் தேடித்தேடிச் சேர்த்து, எந்தச் சுவடியில் என்ன இருக்கிறது என்று 1708-ல் ஒரு விவரப் பட்டியலே தயாரித்தார். அன்றைக்கு ஊரில் மக்கள் எதையெல்லாம் படித்தார்கள் என்று தெரிந்துகொள்ள இன்று அது ஆய்வாளர்களுக்கு ஒரு பொக்கிஷம். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் அவர் எழுதிய நூல் ஹாலே நகருக்கு அனுப்பப்பட்டது. மாற்று மதத்தைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுவதா என்று அங்கே அச்சிட மறுத்துவிட்டார்கள். அது அச்சானது 1867-ல், சென்னையில்!

அச்சகக் கதைக்கு வருவோம். லண்டனில் உள்ள கிறிஸ்தவ சங்கம் ஒன்று அச்சு இயந்திரத்தை நன்கொடையாக அனுப்பியது, 1712-ல் அது வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துகளை ஹாலேவில் வார்த்து 1713-ல் அனுப்பினார்கள். அந்த எழுத்துகள் ரொம்பப் பெரிதாக இருந்ததால் பேப்பரை விழுங்கின. கப்பலில் வரும் காகிதத்துக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள், பொறையாறில் காகித ஆலையும் தொடங்கினார்கள். 1714, 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு இரண்டு பகுதிகளாக அச்சாகி முடிந்தது.

இங்கே ஒரு தவறைத் திருத்திக்கொள்ள வேண்டும். 'தமிழின் முதல் அச்சுப் புத்தகம் தரங்கம்பாடியில்தான்' என்று பலர் பகிர்கிறார்கள். அது சரியில்லை. தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578-லேயே கொல்லத்தில் வெளியாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த தமிழ் அச்சகங்கள் நிலைக்கவில்லை. தரங்கம்பாடி அச்சகம் தொடர்ந்து நடந்தது, தமிழ் அச்சுக்கு வேரூன்றிய இடம் என்பதுதான் இதன் பெருமை.

ராஜ வீதியில் ஒரு நடை

ஊருக்குள் வரும்போதே வெள்ளை வாயில் ஒன்றைக் கடக்க வேண்டும். அதன்மேல் டென்மார்க் அரச முத்திரை இருக்கும். ஊர் மதிலில் மிஞ்சியது கிட்டத்தட்ட இதுதான். இப்போது நிற்கும் வாயில் 1792-ல் கட்டப்பட்டது. அதைத் தாண்டினால் கிங் ஸ்ட்ரீட் எனும் ராஜ வீதி, நேராகக் கடலை நோக்கிப் போகும்.

இந்தத் தெருவில்தான் 1701-ல் கட்டிய சீயோன் ஆலயம் இருக்கிறது. சற்றுத் தள்ளி புதிய எருசலேம் ஆலயம். 1718-ல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. முகப்பில் கிரீடத்துடன் அரசரின் முத்திரையெழுத்தும் ஆண்டும் பொறித்திருப்பதைப் பார்க்கலாம். நான்கு பக்கமும் சம அளவில் நீளும் சிலுவை வடிவக் கட்டடம். திறந்து நாலு மாதத்தில், 1719 பிப்ரவரியில், 36 வயதில் சீகன்பால்க் இறந்தார். அவரை அடக்கம் செய்தது இந்த ஆலயத்துக்குள்ளேதான். இன்றும் வழிபாடு நடக்கும் இடம் என்பதால் ஆராதனை நேரத்தில் கேமராவும் கையுமாக உள்ளே நுழையாமல் இருப்பது மரியாதை.

அட்மிரல் தெருவில் சீகன்பால்க் வாழ்ந்த இடத்தில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய அச்சு முறையைப் புரிந்துகொள்ள அங்கே போகலாம். கோட்டைக்கு எதிரே, மைதானத்தைத் தாண்டி, வரிசையாகத் தூண்கள் நிற்கும் கட்டடம் டேனிஷ் கவர்னர் பங்களா. பாழடைந்து கிடந்ததைப் புதுப்பித்திருக்கிறார்கள். கடலைப் பார்த்த இன்னொரு பங்களா ஆங்கிலேயர் காலத்தில் கலெக்டர் இருந்தது. பின்னால் அதைப் பாரம்பரிய ஓட்டலாக மாற்றினார்கள்.

தெருக்களில் திண்ணை வைத்த தமிழ் வீடும், உயரமான தூண் வைத்த ஐரோப்பிய வீடும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். சில வீடுகளில் இரண்டும் கலந்தே இருக்கும். எல்லாம் காட்சிப் பொருள் இல்லை, ஆட்கள் குடியிருக்கிறார்கள். கேட்டுவிட்டுப் போட்டோ எடுத்தால் உள்ளே கூப்பிட்டுத் தண்ணி கொடுக்கிறவர்களும் உண்டு.

'ஓசோன் நிறைந்த கடற்கரை' உண்மையா?

தரங்கம்பாடியைப் பற்றிக் கூகுளில் தேடினால் முதலில் வரும் தகவல்களில் ஒன்று, இங்கே ஓசோன் காற்று அதிகம், சுவாசித்தால் நோய் தீரும் என்பது. வாட்ஸ்அப்பில் வருடக்கணக்காகச் சுற்றும் செய்தி இது.

ஓசோன் என்பது மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த வாயு. வானத்தில் பல கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும்வரை அது நண்பன், சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது. தரைமட்டத்தில் இருந்தால் அது மாசு. நுரையீரலை எரிச்சலூட்டும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலைக் கூட்டும். காற்று மாசு அளவிடும்போது கணக்கில் எடுக்கும் வாயுக்களில் தரைமட்ட ஓசோனும் ஒன்று. உண்மையிலேயே ஒரு கடற்கரையில் ஓசோன் அதிகம் இருந்தால் அங்கே போகாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கடல் காற்றின் வாசனைக்கு ஓசோன்தான் காரணம் என்று நம்பினார்கள். கடற்கரை ஓய்வு விடுதிகள் அதையே விளம்பரமும் செய்தன. கடலின் அந்த வாசனை பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்களால் உருவாகும் டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மத்தால் வருவது. தரங்கம்பாடியில் காற்று நன்றாக இருக்கிறது என்றால், பெரிய தொழிற்சாலையோ வாகன நெரிசலோ இல்லை, கடலிலிருந்து காற்று வீசுகிறது, அவ்வளவுதான். ஓய்வெடுக்க அதுவே போதும். ஆனால் மருந்தை நிறுத்திவிட்டு இந்தக் காற்றை நம்பக் கூடாது.

கோயிலை ஏன் கடல் தின்கிறது?

கோட்டைக்கு வடக்கே கொஞ்ச தூரம் கரையோரமாக நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். 700 ஆண்டுகளைத் தாண்டிய இந்தக் கோயில் கட்டப்பட்டபோது அலைக்கு இவ்வளவு பக்கத்தில் இல்லை. கடல் உள்ளே வரவர முன்பகுதி இடிந்து விழுந்தது, கற்கள் அலைக்குள் போயின. மிஞ்சியதைக் காப்பாற்றித் திருப்பணி செய்திருக்கிறார்கள். முன்னால் பாறாங்கற்களைக் கொட்டித் தடுப்பு போட்டிருக்கிறார்கள்.

கடல் அரிப்பு என்பது அலை வந்து மோதுவது மட்டுமில்லை, மணல் கணக்கும்தான். கரையோர மணல் ஒரு இடத்தில் நிற்பதில்லை. அலைகள் கரையில் சாய்வாக மோதும்போது மணலைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்தக் கரையில் மணல் வடக்கே போகும், வடகிழக்குப் பருவக்காலத்தில் தெற்கே வரும். ஒரு இடத்துக்கு வருகிற மணலும் அங்கிருந்து போகிற மணலும் சமமாக இருந்தால் கரை அப்படியே இருக்கும். வரவு குறைந்தால் கரை கரையும். ஆற்றில் அணை கட்டினால் கடலுக்கு வரும் மணல் குறைகிறது. கரையில் துறைமுகச் சுவர், தூண்டில் வளைவு போன்றவற்றைக் கட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் பசியோடு கடல் உள்ளே வரும். புதுச்சேரியில் துறைமுகச் சுவருக்குப் பிறகு மணல் கடற்கரை காணாமல் போனது இதே காரணத்தால்தான்.

கல் கொட்டினால் பிரச்சினை தீருமா? கொட்டிய இடம் தப்பிக்கும். அலையின் வேகம் குறையாமல் கல்லின் ஓரங்களில் திரும்பி, பக்கத்துக் கரையை அரிக்கத் தொடங்கும். அடுத்த ஊர்க்காரர்கள் தங்களுக்கும் கல் கேட்பார்கள். இந்தக் கோயிலைப் பொறுத்தவரை கல் இல்லையென்றால் கோயிலே இல்லை என்பதால் வேறு வழியும் இருக்கவில்லை.

அந்தக் கற்களின் மேல் ஏறி செல்ஃபி எடுப்பது இங்கே வாடிக்கையாகிவிட்டது. பாசி படிந்த கல் வழுக்கும், இரண்டு கல்லுக்கு நடுவே கால் சிக்கினால் அடுத்த அலை வருவதற்குள் எடுக்க முடியாது. குளிப்பதற்கும் இது பாதுகாப்பான கரை இல்லை. காலை நனைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

2004 டிசம்பர் 26

சுனாமியில் தரங்கம்பாடியில் மட்டும் உயிரிழப்பு நூற்றுக்கணக்கில். கடலை ஒட்டி இருந்த மீனவர் குடியிருப்பு மொத்தமாக அடிபட்டது. மதிலும் கோட்டையும் பார்க்க வருகிறவர்களுக்கு இது ஒரு வரிச் செய்தி. ஊர்க்காரர்களுக்கு நேற்று நடந்த மாதிரி.

அதன்பிறகு கடலிலிருந்து தள்ளிப் புதுக் குடியிருப்புகள் கட்டித் தரப்பட்டன. உயிருக்குப் பாதுகாப்புதான், ஆனால் மீன்பிடிக்கிறவர்களுக்கு அதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. படகும் வலையும் கரையில், வீடு உள்ளே. கடல் எப்படி இருக்கிறது என்று வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பிய காலம் போச்சு. இடிந்த பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலைகளும் சுனாமிக்குப் பிறகுதான் வேகம் பிடித்தன. டென்மார்க்கில் இருந்து வந்த உதவியும் அதில் உண்டு. ஊர் இன்று சுற்றுலா வரைபடத்தில் பளிச்சென்று தெரிவதற்கு அந்தத் துயரமும் ஒரு காரணம் என்பதை ஊர்ப் பெரியவர்கள் மறக்கவில்லை.

டேனிஷ்காரர்கள் ஏன் போனார்கள்?

நஷ்டம்தான் காரணம். நெப்போலியன் போர்க் காலத்தில் டென்மார்க் எதிரணியில் நின்றதால், 1808-ல் ஆங்கிலேயர்கள் தரங்கம்பாடியைப் பிடித்தார்கள். 1815-ல் திருப்பிக் கொடுத்தபோது வியாபாரம் செத்திருந்தது. 1845-ல் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு டென்மார்க் விற்றுவிட்டது. 225 ஆண்டுகால ஆட்சி ஒரு கிரயப் பத்திரத்தோடு முடிந்தது.

சில ஆண்டுகள் தஞ்சாவூர் மாவட்டக் கலெக்டரின் தலைமையிடமாக இருந்தது தரங்கம்பாடி. 1860-களில் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் சரக்கும் கப்பலும் அங்கே போய்விட்டன. பெரிய ஊராக வளராமல் போனதால்தான் பழைய தெருக்கள் இடிக்கப்படாமல் தப்பின.

நேரம் மிச்சம் இருந்தால்?

திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயில் பத்து கிலோமீட்டருக்குள். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் நடக்கும் கோயில் என்பதால் முகூர்த்த நாளில் சாலையே நெரியும். அந்த நாட்களில் தரங்கம்பாடியை முதலில் பார்த்துவிட்டு மாலையில் அங்கே போவது நல்லது. பூம்புகார் சுமார் 20 கிலோமீட்டர். இரண்டையும் தரங்கம்பாடியையும் ஒரே நாளில் அடக்கலாம்தான், ஆனால் மூன்றையும் அரைகுறையாகப் பார்த்ததாகத்தான் ஆகும்.

கையில் தண்ணீர் பாட்டில், தலைக்குத் தொப்பி, மதிய நேரத்துக்குக் குடை. கோட்டை வாசலில் மோர், இளநீர் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிக்கொள்ளலாம். சொந்த வண்டி இல்லாதவர்கள் மயிலாடுதுறைக்குத் திரும்பும் மாலை பஸ்ஸின் நேரத்தைக் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இருட்டிய பிறகு பஸ் வரும் இடைவெளி அதிகம்.